காத்துப் பெட்டி

பிப்ரவரி 3, சனி

அண்ணனின் கணினிப் பக்கவாட்டில் தொங்கும் பெட்டியில் விசிறி நின்றுவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வீட்டில் அதற்குக் காத்துப் பெட்டி என்று பெயர். 1986-ல் மாமா அமெரிக்காவிலிருந்து கணினியைக் கொண்டுவந்தபோது கூடவே வந்தது. மின்சாரம் முதலில் இந்தப் பெட்டிக்குள் போய் அங்கிருந்துதான் கணினிக்கும் திரைக்கும் பிரியும். முன்புறம் சிவப்பு விளக்கு வைத்த சுவிட்ச், பின்புறம் இரண்டு சாக்கெட், உள்ளே கையகல விசிறி ஒன்று. கணினியின் விலாவிலிருந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அது சுற்றாவிட்டால் அரை மணி நேரத்தில் திரையில் கண்டதெல்லாம் கொட்டும், பிறகு கணினி உறைந்துவிடும்.

யாராவது இதைப் படித்தால், இந்தப் பழங்கருவியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நினைக்கலாம். அண்ணனுக்குப் பேச்சு போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கால்கள் அதற்கும் முன்பே போயின. கைகளில் வலது கட்டைவிரல் மட்டும் மீதி. நோயின் முதல் வருடத்தில், விரல்கள் இருந்தபோதே, தான் பதினெட்டு வயதில் நிரல் எழுதப் பழகிய இந்தக் கணினிக்கு ஒரு நிரல் எழுதி வைத்தான். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு அது வரும்போது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் அந்த எழுத்து கீழே இறங்கி நிற்கும். அண்ணன் பேசுவது இப்படித்தான்.

கண் அசைவைப் படிக்கும் புதுக் கருவி ஒன்றைப் போன வருடம் ஒரு கம்பெனிக்காரர் கொண்டுவந்து காட்டினார். அண்ணனின் தொங்கும் இமையை அது கண்ணாகவே மதிக்கவில்லை. தமிழும் அதற்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு அண்ணன் மெல்ல மெல்ல எழுதினான்: "அவன்கிட்ட இங்கிலீஷ்ல கொட்டாவி விட்டுக் காட்டணுமாம்." அண்ணி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று விசிறி நின்ற பிறகும் எழுதினான். மேசை விசிறியைக் கணினிக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தோம். எழுதியது இது: "டேபிள் ஃபேன் போதும். வேகத்தைக் குறை. 120-ல் 30-ஐ 60 ஆக்கு."

120 என்பது அவன் நிரலில் ஒரு வரி. அதிலுள்ள எண் பெரிதானால் வெளிச்சம் ஒவ்வோர் எழுத்திலும் கூடுதல் நேரம் நிற்கும். மாற்றுவது ஒரு நிமிட வேலை. தேவையில்லை என்று சொன்னேன். கொஞ்ச நாளாக எழுத்துகள் ஒன்று தள்ளி ஒன்று விழுகின்றன. 'போதும்' என்பது மூன்று முறை தப்பாக விழுந்த பிறகுதான் சரியாக வந்தது. காரணம் சூடு. பெட்டியைச் சரிசெய்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும். நோயை மூலத்தில் பார்க்காமல் எண்ணை மாற்றிக்கொண்டே போவது எனக்குப் பிடித்த முறை அல்ல.

கணினியின் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பைத் தரும் படிகம் சூட்டுக்கு அவ்வளவாக அசையாது என்பது எனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் இது பழங்கருவி. எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 4, ஞாயிறு

பெட்டியைத் திறந்தேன். விசிறியின் அச்சில் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து மெழுகாகியிருந்தது. சுரண்டி எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். கையால் சுழற்றினால் நன்றாகச் சுற்றியது. மூடி மாட்டினேன்.

கொஞ்ச நேரம் திணறித் திணறி ஓடியது. பிறகு உள்ளே பட்டென்று ஒரு வெடிப்பு. வெள்ளைப் புகை. கருவாட்டையும் ரப்பரையும் சேர்த்துக் கொளுத்திய மாதிரி நாற்றம்.

அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஐயோ, என்னுங் தமயந்தி, ஊட்டையே கொளுத்தறீங்களா? நல்லாத்தான் இருந்துச்சு அது!"

"நல்லா இல்லைங்க அண்ணி. அதுனாலதான் தொறந்தேன்."

"தொறக்கறதுக்கு முன்னால பொகையாவது வராம இருந்துச்சு."

அண்ணன் கண்களால் சிரித்தான். பிறகு அவன் பார்வை மேசை விசிறிக்குப் போனது. கணினியைப் பார்த்தான், திரும்பவும் விசிறியைப் பார்த்தான். புகை மூச்சை அடைக்கிறது போலிருக்கிறது என்று விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

கல்லூரியில் காலை வகுப்பு முடிந்ததும் துறையின் மீட்டரை எடுத்துவந்து சோதித்தேன். வெடித்தது மின்தேக்கி, 0.1 மைக்ரோஃபாரட். மின்சார இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்திருந்தது. மேலுறை பாளம் பாளமாக வெடித்து ஈரம் இறங்கியிருக்கிறது. சுவிட்ச் நன்றாக இருக்கிறது. விசிறிச் சுருளில் தொடர்பில்லை. நேற்று திணறிச் சுற்றியதில் கருகியிருக்க வேண்டும்.

இரண்டும் கிடைக்கக்கூடியவைதான். ஒரு வாரம் ஆகலாம்.

அண்ணனிடம் சொன்னேன். ஆமாம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரண்டு முறை கண்ணை மூடித் திறப்பான். நான் கேள்வி எதுவும் கேட்காமலேயே இரண்டு முறை மூடித் திறந்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். மூச்சின் அளவு போன முறையைவிட இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஏதோ ஓர் எண். குறித்துக்கொள்ளவில்லை.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

காந்திபுரத்தில் நான்கு கடை ஏறி இறங்கினேன். மின்தேக்கி முதல் கடையிலேயே கிடைத்தது. விசிறிதான் இல்லை. பெட்டி அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, 110 வோல்ட். வீட்டில் ஒரு மின்மாற்றி வைத்து இறக்கித்தான் கொடுக்கிறோம்.

"நூத்திப்பத்தா? இது கோயமுத்தூருங் மேடம்" என்றார் கடைக்காரர். "அமெரிக்காவுல சொந்தக்காரங்க இருந்தா கொண்டாரச் சொல்லுங். இல்லீன்னா இதை எடுத்துக்குங். எரநூத்திமுப்பது. அதே அளவு, அதே ஓட்டை."

"110-ல் கொடுத்தால் பாதி வேகத்தில்தான் சுத்தும்."

"சுத்துமில்லீங்?"

அது எனக்குப் பதிலாகத் தோன்றவில்லை. மின்தேக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சிறுவாணித் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை. காலை முழுவதும் குடம் தூக்கினேன்.

மத்தியானம் அண்ணி கேட்டாள்: "அந்தப் பெட்டி இல்லாம கம்ப்யூட்டர் ஓடவே ஓடாதுங்களா?"

"ஓடும். ஆனால் சரியா ஓடாது."

"சரியா ஓடாட்டி என்னுங், சித்த நேரம் ஓடுமில்ல?"

நேராக மின்மாற்றியில் சொருகினால் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் மின்தேக்கி வெடித்தபோது கணினிக்குள் ஏதாவது பழுதாகியிருக்கலாம். வடிகட்டி இல்லாமல், பாதுகாப்பில்லாமல் ஓட்டி அதுவும் போய்விட்டால் உலகத்தில் யாரிடம் போய்க் கேட்பது? அதை விளக்கினேன். அண்ணி கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவங்க" என்று சொல்லி அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள். இப்போதெல்லாம் தண்ணீரையே மாவு கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் இன்றும் மேசை விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். மாசி பிறப்பதற்குள் வெயில் இப்படி. "உனக்குக் காத்து வேணுமா அண்ணா?" என்றேன். இரண்டு முறை கண்ணை மூடினான். வேண்டாம். அணைத்தேன். திரும்பவும் அதையே பார்த்தான். போட்டேன். கண்ணை மூடியவன் வெகுநேரம் திறக்கவில்லை. நோய் இவனைக் கோபக்காரனாக்கிவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

இந்த ஊரில் மோட்டார் சுருள் சுற்றுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்பது நேற்று ராத்திரிதான் தோன்றியது. கணபதி பகுதியில் ஒரு பட்டறை. மருதாசலம் என்பவர் நடத்துகிறார். வாசல் முழுக்க ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் படுத்துக்கிடந்தன. ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் ஊர்ப் பெயர்: அன்னூர், சூலூர், பல்லடம்.

என் விசிறியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதென்னுங் மேடம், முட்டையிலிருந்து இப்பத்தான் பொரிச்சுதா?"

பக்கத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "அடைகாத்தா மோட்டராயிருமாட்ட இருக்குதுண்ணா."

"சுத்த முடியுமா?" என்றேன்.

"முடியுமுங். ஆனா கெரகம், மசுரு மாதிரி கம்பி. பொறுமையா ஒக்காரணும்." வாசலைக் காட்டினார். "பாருங், எல்லாம் காட்டுக்காரங்க மோட்டர். ஒரு நாள் தள்ளுனா அங்க வாழை காஞ்சுபோகும். வெயில் காலத்துல தண்ணிக்குத்தான் மொதல்ல. அதுக்கப்புறமேல்ட்டுத்தான் மத்ததெல்லாம். இது பட்டறை வழக்கமுங். எங்கப்பா காலத்துலயும் இப்படித்தான்."

நியாயமான வழக்கம். 110 வோல்ட் என்று மட்டும் சொன்னேன், விசிறியின் மேல் சாக்கட்டியால் எழுதிக்கொண்டார்.

"இது என்னத்துக்குங்?" என்று கேட்டார்.

"ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு."

"ஓ, காட்சிக்கு வெக்கறதா" என்று சொல்லிவிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மருதாசலத்துக்குப் போன் செய்தேன். "அடுத்த வாரமுங்."

புது மின்தேக்கியைப் பற்றவைத்தேன். பெட்டிக்குள் மூலை முடுக்கெல்லாம் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன். சுவிட்சின் தொடுமுனைகளைத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். அண்ணன் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்துதான் செய்தேன். அவனுக்கும் பொழுது போகும். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கினேன். ஒரே வகுப்பில் எழுபது மாணவிகளுக்கு விளக்கியிருக்கிறேன், இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

அவன் கட்டைவிரலைப் பொத்தானின் மேலேயே வைத்திருக்கக் கண்ணாலேயே சொல்லியிருக்கிறான் போல. அண்ணி தினமும் குளிப்பாட்டிவிட்டு, கணினி ஓடாதபோதும், பொத்தானைக் கையில் வைத்துத் துணியால் லேசாகக் கட்டிவிடுகிறாள். பொத்தான் அவ்வப்போது 'டிக்' என்று சத்தம் கொடுக்கிறது. எதற்கும் சேராத சத்தம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

"அடுத்த வாரமுங் மேடம். பொங்கலூர்ல மூணு மோட்டர் ஒண்ணா எரிஞ்சுபோச்சு."

பிப்ரவரி 23, வெள்ளி

சாப்பிடும்போது புரையேறிவிட்டது. வெகுநேரம். மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். இனி உணவு அதில்தான்.

பிப்ரவரி 26, திங்கள்

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அண்ணி மருதமலைக்குப் படியேறிப் போய்விட்டு வந்தாள். திருநீற்றை அண்ணனுக்குப் பூசிவிட்டு எனக்கும் நீட்டினாள். கையில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"நம்பிக்கை இல்லாட்டிப் பரவால்லைங், பூசிக்குங். அவரு என்ன உங்க பரிட்சைத் தாளா திருத்தப் போறாரு?"

"எதுவுமே செய்யாமல் மலை ஏறுவதில் என்ன பயன் அண்ணி?"

அண்ணி திருநீற்றுப் பொட்டலத்தை மடித்தாள். "நீங்க பெட்டியத் தொடைக்கறீங்க, நான் படி ஏறறேன்" என்றாள்.

தேர்வுக் கண்காணிப்புப் பட்டியலில் என் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது. துறைத்தலைவரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 29, வியாழன்

'டிக்' சத்தம் இப்போது குறைவு. கணினி ஓடாததால் சலித்துப்போயிருப்பான்.

மார்ச் 3, ஞாயிறு

மருதாசலத்தின் எண்ணைக் கேட்டு அண்ணி வாங்கிக்கொண்டாள். நான் சமையலறையில் இருந்தேன். அவள் கூடத்தில் பேசியது கேட்டது.

"அண்ணா, வணக்கமுங். அந்தச் சின்ன விசிறி குடுத்தாங்கல்ல, காலேஜ் மேடம், அவங்க ஊட்டுல இருந்து பேசறேனுங். அது என்ற ஊட்டுக்காரருக்குங். அவருக்குப் பேச்சு வராதுங். கையும் காலும் வெளங்காதுங். அந்த மிஷின்லதான் பேசுவாருங். அது இல்லாம ஒரு மாசமா எங்ககூட ஒரு வார்த்தை பேசலீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அண்ணி, "அழுவாதீங்ணா" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

காலை ஏழரைக்கு அவரே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். இரவெல்லாம் உட்கார்ந்து சுற்றியிருக்கிறார். கண்கள் சிவந்திருந்தன. உள்ளே வரமாட்டேன் என்றார். பிறகு வந்து, கட்டிலில் அண்ணனைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

வாசலில் என்னிடம் சொன்னார்: "மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே குடுத்திருப்பேனுங். தண்ணிக்கு முன்னால பேச்சுங் மேடம். நான் என்னமோ கொலு வெக்கறதுக்குக் கேக்கறீங்கன்னு நெனச்சுட்டேன்."

பணம் வாங்கிக்கொள்ளவில்லை. போகும்போது பெருமையாகச் சொன்னார்: "இனிமே அந்தக் கனத்த டிரான்ஸ்பார்மர் டப்பா வேண்டாமுங். நம்மூர் கரண்டுக்கே சுத்தியிருக்கேன். எரநூத்திமுப்பது. நூறு வருசம் ஓடும்."

எடுத்துக் கொடுத்தபோதே 110 என்று சொன்னேன். சாக்கட்டியால் எழுதியும் வைத்தார். நல்லது செய்வதாக நினைத்துத் தானே மாற்றியிருக்கிறார். இந்த ஊரில் எந்தக் கை சுற்றினாலும் அப்படித்தான் சுற்றும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றி என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 5, செவ்வாய்

விசிறியை மாட்டிச் சோதித்தேன். கணினிக்காகப் பெட்டிக்கு 110-தான் கொடுக்க முடியும், எதிர்பார்த்தபடி பாதி வேகம். வெளியேறும் காற்று ஒரு தாளைக்கூட நிமிர்த்திப் பிடிக்கவில்லை.

திருப்பிக் கொடுத்து மறுபடி சுற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்கு முன் அளந்து பார்ப்போம் என்று கணினியை ஓடவிட்டு, உள்ளே வெப்பமானியை வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சூடு ஓர் அளவோடு நின்றுவிட்டது. கணினி உறையவில்லை. திரை தெளிவாக இருந்தது. இந்த வேகமே போதுமானது.

பிப்ரவரி 8 அன்று கடைக்காரர் கொடுத்த விசிறியும் இதே வேகத்தில்தான் சுற்றியிருக்கும்.

மார்ச் 6, புதன்

பெட்டியைக் கணினியின் பக்கத்தில் மாட்டிக் கட்டிலுக்கு அருகில் கொண்டுவந்தேன். அண்ணி கற்பூரம் கொளுத்த வேண்டும் என்றாள். மூக்கில் குழாய் இருக்கும்போது புகை வேண்டாம் என்றேன். எனக்குப் பிரார்த்தனை என்று எதுவும் கிடையாது. சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன், அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. நிரல் இருந்த ஃபிளாப்பித் தட்டு கரகரவென்று ஓடி நிரல் ஏறியது. எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. வெளிச்சம் முதல் எழுத்திலிருந்து நடக்கத் தொடங்கியது.

அண்ணி அவன் கையில் பொத்தானைக் கட்டிவிட்டாள். "பேசுங், என்ன வேணுமோ பேசுங். இத்தனை நாள் சேத்து வெச்சதெல்லாம் திட்டுங். நான் கேட்டுக்கறேன்."

வெளிச்சம் கடைசி எழுத்துவரை போய் மறுபடி முதலிலிருந்து வந்தது. அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு முறை பொத்தான் 'டிக்' என்றது. ஓர் எழுத்து இறங்கியது: 'ங'. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அண்ணி சொன்னாள்: "ஙவா? 'ங'ல என்னுங் சொல்ல வந்தீங்க?"

அண்ணனின் கண்கள் திரையிலிருந்து என்னிடம் வந்தன.

மார்ச் 7, வியாழன்

120-ம் வரியில் 30-ஐ 60 ஆக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு அந்த எண்ணை 120 ஆக்கினேன். பிறகு 250. வெளிச்சம் ஒவ்வோர் எழுத்திலும் அவ்வளவு நேரம் நின்றது. அண்ணி ஒவ்வொன்றுக்கும் அந்த எழுத்தை வாய்விட்டுச் சொன்னாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. அண்ணனின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கட்டைவிரலின் அடியில் சதை துடிப்பது தெரிந்தது. பொத்தான் இறங்கவில்லை.

ஒரு மாதமாகச் சும்மா கிடந்ததில் பொத்தான் இறுகியிருக்கலாம். நாளை கழற்றிப் பார்க்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

பொத்தானைச் சோதித்தேன். பொத்தான் நன்றாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணியின் தம்பி வந்துபோனார். எல்லாரும் வந்துபோகத் தொடங்கியிருக்கிறார்கள். டாக்டர் தொண்டையில் துளை போட்டுச் செயற்கை மூச்சு வைப்பதைப் பற்றிப் பேசினார். அண்ணனிடமே கேட்டார். அவன் இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தான். தெளிவாக. டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடி இரண்டு முறை.

ஏன் என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

மார்ச் 13, புதன்

அண்ணி ஒரு பெரிய அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிவிட்டாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவாளாம். வேண்டிய இடத்தில் அவன் கண்ணை மூட வேண்டும்.

"இதைப் போன மாசமே பண்ணியிருக்கோணும்" என்றாள். "பெட்டி அடுத்த வாரம் வந்துரும், அடுத்த வாரம் வந்துரும்னு இருந்துட்டோம்."

முதலில் அண்ணன் ஒத்துழைக்கவில்லை. இமைகளும் இப்போது தளர்ந்துவிட்டன. தானாக மூடுவதா, வேண்டுமென்று மூடுவதா என்று பிரித்தறிவது கஷ்டம். ஆனால் அண்ணி விடவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் அண்ணி வெளியே போயிருந்தபோது அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணால் அட்டையைக் காட்டினான். எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விரலை வைத்து நகர்த்தினேன். தப்பு வந்தால் இரண்டு முறை மூடுவான். திரும்பத் தொடங்குவேன். நடுவில் களைத்துப்போய்க் கொஞ்சம் தூங்கினான். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஒரு சொல் முடிய முற்பகல் முழுவதும் ஆகியது.

"மெஷினுக்கு."

அட்டையைக் கீழே வைத்தேன். அவன் பார்வை மெல்ல மூலைக்குப் போனது. அங்கே மேசை விசிறி நின்றுகொண்டிருந்தது. விசிறியைப் பார்த்தான். கணினியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விடையைச் சொல்லிவிட்டுப் புரிகிறதா என்று பார்ப்பானே, அப்படி.

அண்ணி வந்தாள். "பேசுனாரா? என்னுங் சொன்னாரு?"

"ஒரு சொல்தான். மெஷினுக்கு."

"மெஷினுக்கா? மெஷினுக்கு என்னுங்? எதுக்குப் பதில் இது?"

தெரியவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு அவன் அட்டையைக் கேட்கவில்லை.

மார்ச் 20, புதன்

மூச்சு மிகவும் சிறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், பெயர் லூர்துமேரி, இரண்டு நாளுக்கு ஒரு முறை வருகிறார். அண்ணனின் மூக்கும் கன்னமும் படும்படி லேசான காற்று இருந்தால் மூச்சுத் திணறுவதுபோன்ற உணர்வு குறையும் என்றார். மேசை விசிறியைத் திருப்பினேன்.

"ஐயோ, அது வேண்டாம் மேடம். பொயல் மாதிரி அடிக்குது, பாவம். இன்னும் சின்னதா, மெதுவா இருக்கணும். கையில வெச்சு வீசற அளவுக்கு."

அண்ணி பனையோலை விசிறியைத் தேடிப் போனாள்.

நான் கணினியை அணைத்தேன். பின்புறச் சாக்கெட்டுகளிலிருந்து கணினியையும் திரையையும் பிடுங்கினேன். பெட்டியைப் பக்கவாட்டிலிருந்து கழற்றி, தலையணைக்கு அருகில் ஸ்டூலின் மேல் நிறுத்தி, காற்று வெளியேறும் பக்கத்தை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். மின்மாற்றியில் சொருகிச் சுவிட்சைப் போட்டேன்.

பாதி வேகம். நெற்றியில் கிடந்த ஒரே ஒரு முடி மட்டும் அசைந்தது.

லூர்துமேரி கையை நீட்டிப் பார்த்தார். "கரெக்ட்டா இருக்கு. இந்த மாதிரி ஃபேன் எங்க மேடம் கிடைக்குது?"

"கிடைக்காது" என்றேன்.

மார்ச் 22, வெள்ளி

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போக முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். கணினியைத் துணி போட்டு மூடி அலமாரிக்குக் கீழே தள்ளினேன்.

மார்ச் 24, ஞாயிறு

பங்குனி உத்திரம் நாளை. அண்ணி இந்த முறை மலைக்குப் போகவில்லை. அண்ணனின் கால்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மத்தியானம் மின்சாரம் போய் வந்தது. பெட்டி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவன் கண்கள் திறந்துவிட்டன. நேராகப் பெட்டியைப் பார்த்தான். நான் எழுந்து எதையும் திருப்பவில்லை, போடவில்லை. முதலில் கேட்டேன்.

"உனக்கா அண்ணா?"

ஒரு முறை மூடித் திறந்தான்.

மின்சாரம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்து, விசிறி தன் பாதி வேகத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"போதுமா?"

கண்ணை மூடினான். ஆமாம் என்றானா, தூங்கிவிட்டானா, தெரியவில்லை. பெட்டியைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதன் உறை சூடாகவே இல்லை.